எங்கே இடிக்கிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாமில், ஏழாம் நாள் காலை, என் கையிலிருந்த துப்பாக்கி என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. அதைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்று பல நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி என்றதும் வீரக் கதை ஒன்றை எதிர்பார்த்து வரும் நண்பர்கள் சற்றே ஏமாற வேண்டியிருக்கும். இது ஒரு தோட்டா உள்ளே போகாத கதை. அந்தத் தோட்டாவால்தான் நான் இன்று இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சுடுதளம் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. நான்கு நான்கு பேராகத் தார்ப்பாயில் குப்புறப் படுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து தோட்டா. எதிரே இருபத்தைந்து மீட்டர் தொலைவில் இலக்கு அட்டை. “பர்” என்று ஆணை வந்தவுடன் தோட்டாவை அறைக்குள் வைத்து, போல்ட்டை முன்னே தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் வெறுந்துப்பாக்கியில் நூறு முறை செய்து பழகிய வேலைதான். ஆனால் உண்மைத் தோட்டாவைக் கையில் வாங்கியதும் விரல்கள் நடுங்கின. முதல் தோட்டா நழுவித் தார்ப்பாய்க்கு வெளியே மணலில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை எடுத்து, கால்சட்டையில் ஒரு தேய் தேய்த்து, அறைக்குள் வைத்தேன். முக்கால் பங்கு போயிற்று. பிறகு நின்றுவிட்டது.

பக்கத்தில் மூன்று பேரும் சுடத் தொடங்கிவிட்டார்கள். எனக்குள் ஒரு பதற்றம். உள்ளங்கையால் போல்ட்டை அழுத்தினேன். போகவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் கொடுத்து மறுபடி அழுத்த முனைந்தபோது என் மணிக்கட்டின் மேல் ஒரு கை வந்து விழுந்தது.

“தம்பி, தள்ளாதே. விரலை வெளியே எடு. குழல் அங்கேயே இருக்கட்டும். கையைத் தூக்கு.”

எங்கள் பயிற்சியாளரான ஹவில்தார்தான். முகாமில் அவரை நாங்கள் ‘உஸ்தாத்’ என்றே அழைப்போம். அவர் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டாவை மெல்ல வெளியே எடுத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். ஈயக் குண்டின் மேல் நாலைந்து மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. அவ்வளவுதான் தடை! அந்தத் தோட்டாவைத் தனியே வைத்துவிட்டு, அறையைத் துணிவைத்துத் துடைத்து, வேறு தோட்டா கொடுத்தார். அது வெண்ணெயில் கத்தி போல இறங்கிற்று.

இடைவேளைத் தேநீரின்போது புங்க மரத்தடியில் அவர் விளக்கினார். நாங்கள் சுட்டது 0.22 அங்குலத் தோட்டா. ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் பருமன். 1887ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இந்த வடிவத்தில் வந்துவிட்டதாம். இதன் ஈயக் குண்டின் மேல் மெழுகு போன்ற ஒரு மசகு பூசியிருப்பார்கள். குழலில் ஈயம் ஒட்டாமலிருக்க அது உதவும். ஆனால் மணலில் விழுந்தால் அந்த மசகே துகள்களைப் பற்றிக்கொள்ளும். இன்னொன்று, இத்தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் அடிவிளிம்பின் உள்ளே சுற்றிலும் இருக்கிறது. விளிம்பு நசுங்கினால் வெடிக்கும். போல்ட் முழுவதும் பூட்டிக்கொள்ளாத நிலையில் நான் அழுத்திய அழுத்தலில் விளிம்பு நசுங்கியிருந்தால், வெடித்த பித்தளைத் துண்டு என் முகத்தை நோக்கியே வந்திருக்கலாம்.

“தோட்டா போகலேன்னா மூணே இடம்தான் தம்பி. தோட்டாவைப் பாரு. அறையைப் பாரு. உன் கையைப் பாரு. நம்ம பசங்க மூணாவதை மட்டும் பார்க்கறதே இல்லை” என்றார். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, “போகலேன்னு தெரிஞ்சதும் ஏன் கையைத் தூக்கலை?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. கையைத் தூக்கினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இவனுக்கு மட்டும் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு அஞ்சித்தான் முகத்தையே பணயம் வைத்து அழுத்தினேன்.

நண்பர்களே, இந்த அச்சம் எனக்குச் சுடுதளத்தில் புதிதாக வந்ததல்ல. என் தந்தையார் தச்சர். என் தாயார் களை பறிக்கவும் நாற்று நடவும் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்தபோது, துணைப்பாடக் கணிதம் ஆங்கிலத்தில் வந்து எதிரே நின்றது. வகுப்பு முடிவில் விரிவுரையாளர் “புரிந்ததா?” என்று கேட்பார். எல்லோர் தலையும் ஆடும். என் தலையும் ஆடும். அறைக்குத் திரும்பி, புரியாத வரிகளை அப்படியே மனப்பாடம் செய்வேன். மனத்துக்குள் போகாததை இரவெல்லாம் உட்கார்ந்து அழுத்தி அழுத்தித் திணித்தேன். முதல் பருவத்தில் கணிதத்தில் தோற்றேன். இரண்டாம் முறை எழுதியும் தோற்றேன். ‘அரியர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என் தாயாருக்குத் தெரியாது என்பது ஒன்றே எனக்கிருந்த ஆறுதல். முகாம் முடிந்து ஊருக்குப் போனதும், படிப்பை நிறுத்திவிட்டு உளியை எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன். அந்த முடிவோடுதான் தார்ப்பாயில் குப்புறப் படுத்திருந்தேன்.

தோட்டா என்னை விடவில்லை. முகாம் முடிந்ததும் உடனே ஊருக்குப் போகாமல் இரண்டு நாள் விடுதியிலேயே தங்கினேன். ஒரு சிறிய தோட்டா உள்ளே போகாததற்கு இத்தனை காரணங்களா என்று அறியும் ஆவல். நூலகத்திலும், நண்பன் ஒருவனின் கைப்பேசியிலும் தேடித் தேடிப் படித்தேன். அப்போதுதான் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி அறிந்தேன்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்களும், ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆகவே இது நமக்கான பொழுதுபோக்கு அன்று; அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவும் நான் எழுதவில்லை. நாங்கள் முகாமில் சுட்ட சிறு தோட்டா விளிம்பு நசுங்கி வெடிப்பதால் மறுபடி நிரப்பப்படுவதும் இல்லை. என்னைக் கவர்ந்தது ஒன்றே ஒன்றுதான். தாம் செய்த தோட்டா அறைக்குள் போகாதபோது அவர்கள் பிழையைத் தேடும் முறை.

பெரிய துப்பாக்கியின் பித்தளைக் கூடு ஒரு சிறு புட்டியைப் போன்றது. அதற்கு உடல் உண்டு, தோள் உண்டு, கழுத்து உண்டு. சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் நாலாயிரம் மடங்கு. அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குகிறது. ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. மீள்திறன் எல்லையைக் கடந்த கம்பி பழைய நீளத்துக்கு வராததை நாம் யங் குணக ஆய்வில் பார்க்கிறோமே, அதே செய்திதான். ஆகவே அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பிழைகள் புகுகின்றன.

அச்சைச் சரியாக இறக்காவிட்டால் தோள் போதிய அளவு பின்னே போகாது. தோட்டா அறையின் தோளில் முட்டி நிற்கும். சுட்டுச் சுட்டு அழுத்தும்போது பித்தளை மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து கழுத்து நீண்டுவிடும்; நீண்டதை வெட்டிச் சமன் செய்யாவிட்டால் அறையின் முனையில் இடிக்கும். குண்டை மிகவும் வெளியே நீட்டி வைத்துவிட்டால் அது குழலின் வரிப்பள்ளங்களில் போய் முட்டும். குண்டு நழுவாதிருக்கக் கழுத்தின் வாயை இறுக்கும்போது அளவுக்கு மீறி இறுக்கினால், தோள் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே பிதுங்கும். கேப்பு சரியாக அமராவிட்டால் பின்பக்கம் தடுக்கும். இவை எதுவும் இல்லாமல் அறைக்குள் வெறும் அழுக்கு இருந்தாலும் போகாது. ஏழெட்டுக் காரணங்கள், ஆனால் வெளியே தெரிவது ஒரே அறிகுறி. போல்ட் மூடவில்லை!

இவற்றில் எது என்று எப்படி அறிவது? அனுபவமில்லாதவன் தள்ளிப் பார்ப்பான். தள்ளினால் சில வேளை போயும் விடும். அதுதான் ஆபத்து. நீண்டுபோன கழுத்தை அழுத்தி உள்ளே தள்ளினால் அறையின் முனை அதைக் குண்டின் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுடும்போது குண்டு எளிதில் விடுபடாது. அழுத்தம் வரம்பு மீறும். உள்ளே போய்விட்டதே என்று மகிழ்ந்தவன் அதன் பிறகுதான் வருந்துவான்.

அனுபவசாலிகள் வேறு விதமாகச் செய்கிறார்கள். முதலில் தொழிற்சாலையில் செய்த நல்ல தோட்டா ஒன்றை அறையில் வைத்துப் பார்ப்பார்கள். அது எளிதில் போனால் அறை குற்றமற்றது. பிழை தம் தோட்டாவில் இருக்கிறது. பிறகு குண்டோ மருந்தோ கேப்போ இல்லாத, அச்சில் அழுத்திய வெறுங்கூட்டை வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் போனால் கூடு சரி. பிழை குண்டு வைத்ததில். வெறுங்கூடே போகாவிட்டால் பிழை அழுத்தியதில். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். நம் ஆய்வகத்தில் வெப்பநிலையை மாற்றாமல் வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோமே, அதுபோல.

இத்தனைக்குப் பிறகும் இடம் தெரியாவிட்டால் கடைசி வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த வெறுங்கூட்டை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டிப் புகைக் கரி படியச் செய்வார்கள். இந்நாளில் பேனா மையையும் பூசுவதுண்டு. கரி படிந்த கூட்டை அறைக்குள் மெல்ல வைத்து, தடுக்கும் இடம் வரை கொண்டுபோய், வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் கரி அழிந்து பித்தளை பளிச்சென்று தெரிகிறதோ அங்கேதான் இடிக்கிறது. தோளில் வளையமாக அழிந்திருந்தால் தோள். கழுத்தின் வாயில் என்றால் நீளம். அடியில் என்றால் உடலின் வீக்கம். இடம் தெரிந்தபின் திருத்த வேண்டியது மிகச் சிறிய அளவு. தோளைப் பின்தள்ளும் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. பயந்துகொண்டு அதிகமாகப் பின்தள்ளினாலோ, அறையில் தோட்டா தளர்ந்து கிடந்து, சுடும்போது கூடு இழுபட்டு ஒரு நாள் இரண்டாகப் பிய்ந்துபோகும். இறுக்கமும் குற்றம், தளர்ச்சியும் குற்றம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்தக் கரி வித்தையைச் சிறு வயது முதல் எங்கள் வீட்டு வாசலில் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளைக்குள் பொருத்துவார். இறுக்கமாக இருந்தால் கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்க மாட்டார். சோற்றுப் பானையின் அடியில் விரலால் ஒரு தேய் தேய்த்து, அந்தக் கரியை முனையின் மேல் தடவி, மெல்ல நுழைத்து எடுப்பார். கரி மழுங்கிய இடத்தில் உளியால் ஒரே ஒரு சீவல். மறுபடி நுழைப்பார். “அடிச்சா போகும் தம்பி. ஆனா நிலை வெடிச்சுடும்” என்பார். ஆயிரம் முறை கேட்டதுதான். இந்தச் சொல்லுக்கும் நான் படிக்கும் படிப்புக்கும் உறவு உண்டென்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

தள்ளினால் என்ன ஆகும் என்பதை ஒரு படையே தன் உயிரைக் கொடுத்து அறிந்திருக்கிறது. முதல் உலகப் போரில் கனடாப் படையினர் ஏந்திச் சென்றது ராஸ் துப்பாக்கி. சர் சார்லஸ் ராஸ் என்பவர் வடிவமைத்தது. குறி தவறாத துப்பாக்கி என்று பெயர் பெற்றது. போல்ட்டை நேராக முன்னும் பின்னும் இழுத்தால் போதும், சுழற்ற வேண்டியதில்லை. அதன் அறை மிக நெருக்கமான அளவில் கடையப்பட்டிருந்தது. கனடாவில் கவனமாகச் செய்த தோட்டாக்கள் அதில் நன்றாகவே போயின. போர்க்களத்தில் கிடைத்தவையோ போர்க்கால அவசரத்தில் செய்த பிரிட்டிஷ் தோட்டாக்கள். அவற்றின் அளவு சற்றே முன்பின்னாக இருந்தது. அதோடு பெல்ஜியத்தின் சேறு வேறு.

1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர நகரத்தருகே ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டனர். தொடர்ந்த நாட்களில் கனடா வீரர்கள் இடைவிடாமல் சுட வேண்டியிருந்தது. சூடேறிய துப்பாக்கிகளில் தோட்டா உள்ளே போவதும் கடினம், சுட்ட கூடு வெளியே வருவதும் கடினம் என்றாயிற்று. போல்ட்டைக் காலணிக் குதியால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள். அப்படி ஓங்கித் திறக்கும்போது போல்ட்டின் பூட்டுப்பல் ஒன்று பின்தடுப்பில் மோதி மோதி நசுங்கியது. நசுங்கிய பல்லோடு போல்ட் இன்னும் இறுகிற்று. ஆக, முதலில் தோட்டாவில் இருந்த குறை, அடித்த அடியால் துப்பாக்கிக்குள்ளேயே குடியேறிவிட்டது. அந்தப் போரில் பிழைத்த சுமார் ஐயாயிரம் பேரில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் தம் ராஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, மடிந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் என்ன நடந்தது? துப்பாக்கியில் குற்றமில்லை, பிரிட்டிஷ் தோட்டாதான் குற்றம் என்றார் கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ். தோட்டா சரி, துப்பாக்கிதான் குற்றம் என்றனர் மற்றவர்கள். அந்த வாதத்தில் மாதங்கள் ஓடின. அறைகளைச் சற்றே பெரிதாகக் கடைந்து பார்த்தார்கள். கடைசியில் 1916இல் ராஸ் துப்பாக்கி களத்திலிருந்து பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது. தனியே மறைந்திருந்து குறி சுடுவோர் மட்டும் அதை விடாமல் வைத்திருந்தனர். அவர்கள் தோட்டாவைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடிந்தது. லீ என்ஃபீல்டின் அறையோ தாராளமானது. எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவானாலும், கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அந்தத் தாராளத்தால் பித்தளைக் கூடு அதிகமாக விரிந்து சீக்கிரம் கெடும் என்று இன்றும் தோட்டா நிரப்புவோர் குறைப்படுகிறார்கள். ஆனால் சேற்றில் கிடந்தவனுக்கு அந்தத் தாராளமே உயிர்.

நம் அரசு கல்லூரியும் ஒரு லீ என்ஃபீல்டுதான் என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தச்சன் மகனையும், ஆடு மேய்ப்பவர் மகளையும், தமிழில் மட்டுமே படித்து வந்தவனையும் முன்பின் அளவு பாராமல் உள்ளே எடுத்துக்கொண்டது. ஆகவே அறையில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் தோட்டாதான் குற்றமா? எனக்குக் கணிதம் வராது, நான் இந்தப் படிப்புக்கு ஆகாதவன் என்பதுதான் அதுவரை நான் வைத்திருந்த தீர்ப்பு. ஆனால் உஸ்தாத் சொன்ன மூன்றாவது இடத்தை நான் பார்க்கவே இல்லையே!

அன்றிரவு என் கணித உள்தேர்வு விடைத்தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். தவறாய்ப்போன கணக்குகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் மறுபடி முதலிலிருந்து மெல்லப் போட்டு, எந்த வரியில் நின்றுபோகிறேனோ அந்த வரியில் பென்சிலால் ஒரு கறுப்புக் குறி இட்டேன். என் கரி அதுதான். முடித்துவிட்டுப் பார்த்தபோது ஒன்பது கணக்கில் ஆறு கணக்கின் குறி ஒரே இடத்தில் விழுந்திருந்தது. தொகையிடும் கணக்கில், ஒரு பெரிய பின்னத்தை இரண்டு சிறிய பின்னங்களாகப் பிரிக்கும் இடம். பகுதிப் பின்னம் என்று பதினொன்றாம் வகுப்பில் வரும் பாடம். அந்தப் பாடம் நடந்த நாட்களில் நான் அப்பாவுக்குத் துணையாக வெளியூர் வேலைக்குப் போய்ப் பள்ளிக்குப் பத்து நாள் மட்டம் போட்டிருந்தேன். பிறகு அதை யாரிடமும் கேட்கவில்லை. கணிதம் முழுவதும் எனக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாலைந்து மணல் துகள்கள்தான்.

மறுநாள் விரிவுரையாளரின் அறை வாசலில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போக அடி எடுப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். பிறகு, சிறுபிள்ளை போல், வலக்கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே உள்ளே போனேன். “சார், பகுதிப் பின்னம் எனக்குத் தெரியாது” என்று தமிழில் சொன்னேன். அவர் என் தாள்களை வாங்கிப் பார்த்தார். கறுப்புக் குறிகளைப் பார்த்தார். “இதைக் கேட்கவா ஒரு வருஷம்?” என்றார். கோபமில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அரை மணி நேரத்தில், பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில், நான்கு கணக்குகளில், அந்தத் துகள்களைத் துடைத்துவிட்டார். மீதி மூன்று கணக்குகளுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். பிறகு பல வாரங்கள் போனேன்.

அதற்கடுத்த நாள்தான் ஊருக்குப் போனேன். அப்பா ஒரு வீட்டு நிலைக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், சுடுதளத்தில் நடந்ததையும் தோட்டாவில் கரி பிடிக்கும் வித்தையையும் சொன்னேன். வேலையை நிறுத்தாமல் கேட்டார். “வெள்ளைக்காரனுக்கும் அந்தக் கரிதானா?” என்று சிரித்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, “படிப்புல எங்கயாவது இடிக்குதா தம்பி?” என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து எதை அறிந்தாரோ தெரியாது. ஒரு பாடம் இரண்டு முறை போய்விட்டது, எங்கே இடிக்கிறது என்று இப்போதுதான் கண்டேன் என்றேன். “கண்டுட்டேல்ல, அப்புறம் சீவறது எம்மாம் நேரம்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். படிப்பை நிறுத்தும் பேச்சு என் வாயிலிருந்து வரவே இல்லை.

மூன்றாம் முறை எழுதினேன். 46 மதிப்பெண். பெருமையாகச் சொல்லும் எண் அல்ல. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் நண்பர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு அது பொருந்தி அமர்ந்த சட்டம்.

நோய் எது என்று கண்டு, அதன் முதற்காரணம் கண்டு, பிறகு தணிக்கும் வழி தேட வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை வரிசைப்படுத்தித் தந்திருக்கிறார். பள்ளியில் அதைப் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அதைச் செய்து பார்க்க எனக்கு ஒரு தோட்டா தேவைப்பட்டது.

இவ்வாண்டு முதலாமாண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பார்கள். விரிவுரையாளர் “புரிந்ததா?” என்று கேட்கும்போது தலை ஆட்டிவிட்டு, இரவில் அறையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு இந்த அண்ணன் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தள்ளாதீர்கள். வெளியே எடுத்து எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். தெரியாவிட்டால் கையைத் தூக்குங்கள். எல்லோரும் பார்த்தால் பார்க்கட்டும்.

உஸ்தாத் அந்த முகாமோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குக் கிடைத்தால், இதுதான் என் பதில் என்று அவர் அறிந்துகொள்வார்.